எர்ரர் வராத தப்பு: சர்க்யூட் சிமுலேஷனில் சிக்கல் தீர்ப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், லெட்டர் டைப் செய்வோம். வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை இருந்தால் அதே கம்ப்யூட்டரில் இன்னொரு உருப்படியான வேலையும் செய்யலாம். ஒரு சர்க்யூட்டுக்குப் பாகங்கள் வாங்குவதற்கு முன்பே அதை ஸ்கிரீனில் வரைந்து, கரண்ட் கொடுத்து, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்கலாம். இதைத்தான் சர்க்யூட் சிமுலேஷன் என்கிறார்கள்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறேன். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பராமரிப்பு வேலை. என் அக்கா மகன் டிப்ளமோ இ.சி.இ. படிக்கிறான். போன வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைத்து ஒரு சின்ன பவர் சப்ளை செய்ய வேண்டும், அதை முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று மாலை முழுவதும் வரிசையாக எர்ரர்தான் வந்தது. அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்துவிட்டோம். ஆனால் கடைசியில் எங்களைக் காயப்படுத்தப் பார்த்தது எர்ரரே காட்டாத ஒரு தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலில், எர்ரர் காட்டுகிற தப்புகளைப் பார்த்துவிடுவோம்.

எந்த சாப்ட்வேர்?

இரண்டு சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்று எல்.டி.ஸ்பைஸ். லீனியர் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனி வெளியிட்டது. 2017-ல் அந்தக் கம்பெனியை அனலாக் டிவைசஸ் வாங்கிய பிறகும் இலவசமாகவே தொடர்கிறது. இன்னொன்று நம் நாட்டுத் தயாரிப்பு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பாஸி என்ற திட்டத்தில் உருவாக்கிய இ-சிம். இதற்கு முந்தைய பெயர் ஆஸ்காட். படம் வரைய கைகேட், கணக்குப் போட என்.ஜி.ஸ்பைஸ் என்ற இரண்டு ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களை ஒன்றாகக் கட்டித் தந்திருக்கிறார்கள்.

பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஸ்பைஸ் என்கிற ஒரே வம்சம்தான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனிடம் ஆராய்ச்சி செய்த லாரன்ஸ் நாகெல் எழுதி, 1973-ல் வெளியானது. எங்கள் ஊரில் முதல் அனல்மின் நிலையம் (இப்போது மூடப்பட்டுவிட்டது) 1962-ல் ஓடத் தொடங்கியபோது இப்படி ஒரு வசதியே கிடையாது. பேப்பரில் கணக்கு, பிறகு நேராக வயரிங். ஸ்பைஸ் பிறந்த காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தகவலை ஓட்டை போட்ட அட்டைகளில் கொடுத்தார்கள். இந்த அட்டைச் சமாச்சாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் எர்ரர்: கிரவுண்டு எங்கே?

படம் வரைந்து ரன் பட்டனைக் கிளிக் செய்தவுடன், 'இந்த சர்க்யூட்டில் கிரவுண்டுக்குப் பாதை இல்லை, ஏதாவது ஒரு புள்ளியை கிரவுண்டு என்று குறியுங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன விண்டோ வந்தது. பையன் திகைத்தான். "மாமா, டார்ச் லைட்டுக்கு கிரவுண்டா இருக்கு? பேட்டரியும் பல்பும் போதுமே!"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நிஜ சர்க்யூட்டுக்கு கிரவுண்டு கட்டாயம் இல்லை. கணக்குக்குத்தான் கட்டாயம். வயர்கள் சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் நோடு என்று பெயர். ஒவ்வொரு நோடிலும் எத்தனை வோல்ட் என்பதைத்தான் ஸ்பைஸ் கண்டுபிடிக்கிறது. வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். நம்மூர்ச் சுரங்கத்தின் ஆழம் இத்தனை மீட்டர் என்றால், எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று கேட்போம் அல்லவா? அந்த மட்டம்தான் கிரவுண்டு. ஸ்பைஸ் அதை 0 என்ற நோடாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. எல்.டி.ஸ்பைஸில் கீபோர்டில் ஜி எழுத்தைத் தட்டினால் கிரவுண்டு குறி வரும். அதை அவுட்புட்டின் மைனஸ் வயரில் வையுங்கள்.

அடுத்தது: சிங்குலர் மேட்ரிக்ஸ், புளோட்டிங் நோடு

இந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தால் கணக்குப் பரீட்சை ஞாபகம் வரும். பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு நோடு யாரோடும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குகிறது, அதற்கு எத்தனை வோல்ட் என்று தீர்மானிக்க முடியவில்லை என்பதுதான் பொருள். பத்துக்கு எட்டு தடவை காரணம் கையில்தான் இருக்கும். வயரும் டயோடின் முனையும் பார்வைக்குத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் சேர்ந்திருக்காது. எல்.டி.ஸ்பைஸில் இணையாத முனையில் ஒரு குட்டிச் சதுரம் தெரியும். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். சதுரம் இருந்தால் வயரை அழித்துவிட்டு மறுபடியும் முனையிலிருந்து இழுங்கள்.

வயர் எல்லாம் சரியாக இருந்தும் இந்தச் செய்தி வந்தால், இரண்டு கெப்பாசிட்டர்களுக்கு நடுவில் ஏதாவது நோடு மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கெப்பாசிட்டர் டி.சி.யை விடாது. அதனால் அந்த நோடுக்கு டி.சி. வழியே இல்லை. அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டால் சரியாகும். இன்னொரு வகை, இரண்டு வோல்டேஜ் சோர்ஸ்களை நேருக்கு நேர் பக்கத்தில் பக்கத்தில் இணைப்பது. ஒன்று 12 என்கிறது, இன்னொன்று 9 என்கிறது, எதைக் கேட்பது? நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் போடுங்கள். நிஜ பேட்டரிக்குள்ளும் அப்படி ஒரு ரெசிஸ்டன்ஸ் இருக்கத்தான் செய்கிறது.

டைம் ஸ்டெப் டூ ஸ்மால்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுதான். டயோடில் வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் கரண்ட் பல மடங்கு தாவும். இதை ஒரே வரிக் கணக்கில் தீர்க்க முடியாது. அதனால் ஸ்பைஸ் ஒரு விடையை ஊகிக்கும், சரி பார்க்கும், திருத்தும், மறுபடி ஊகிக்கும். விடை கிட்டவில்லை என்றால் காலத்தை இன்னும் சின்னத் துண்டாக நறுக்கி மறுபடி முயற்சி செய்யும். நறுக்கி நறுக்கி இனி நறுக்க முடியாது என்ற நிலை வந்தால் இந்தச் செய்தியைப் போட்டுவிட்டு நின்றுவிடும்.

எர்ரர் வந்தவுடன் பலர் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், ஏதோ எண்ணைத் தளர்த்தி எர்ரரை வாயடைக்கப் பார்க்கிறார்கள். அது தப்பு என்பது என் அபிப்பிராயம். முதலில் படத்தைப் பாருங்கள். கன்ட்ரோல் கீயுடன் எல் தட்டினால் எர்ரர் லாக் திறக்கும். எந்த நோடில் தகராறு என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

எங்கள் லாக் காட்டிய நோடு டிரான்ஸ்பார்மர் பக்கத்து வயர். பையன் கிரவுண்டு எர்ரருக்குப் பயந்து, 'இருக்கட்டும்' என்று அவுட்புட்டின் மைனஸிலும், ஏ.சி. சோர்ஸின் ஒரு முனையிலும் ஆக இரண்டு இடத்தில் கிரவுண்டு வைத்திருந்தான்! பிரிட்ஜ் ரெக்டிபையரில் இது செய்யவே கூடாது. இரண்டு கிரவுண்டும் ஒன்றுதானே? அப்படியானால் கீழே உள்ள ஒரு டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. இன்னொரு டயோடு சோர்ஸின் இரண்டு முனைகளுக்கும் நேரே குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு நெகடிவ் பாதியிலும் அதன் வழியே அளவில்லாத கரண்ட். ஸ்பைஸ் தலை சுற்றி விழாமல் என்ன செய்யும்? சோர்ஸ் பக்க கிரவுண்டை எடுத்தவுடன் சிமுலேஷன் ஓடியது.

உங்கள் படத்தில் இப்படி ஷார்ட் எதுவும் இல்லாமலே இந்தச் செய்தி வந்தால், பல்ஸ் சோர்ஸில் ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டும் பூஜ்யமாக இருக்கிறதா பாருங்கள். ஒரு சின்ன எண் கொடுங்கள். உலகத்தில் எந்த சிக்னலும் நேரமே எடுக்காமல் தாவுவதில்லை.

மாடல் கிடைக்கவில்லை என்ற எர்ரர் சுலபமானது. டயோடின் பெயரை 1என்4007 என்று மாற்றி எழுதினால் மட்டும் அது 1என்4007 ஆகிவிடாது. அதன் குணங்களைச் சொல்லும் மாடல் வரி லைப்ரரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தரும் மாடல் வரியை எடுத்து படத்தில் சேர்க்க வேண்டும். இ-சிம் என்றால் படம் வரைந்த பிறகு கைகேட்-டு-என்.ஜி.ஸ்பைஸ் என்ற கட்டம் ஒன்று உண்டு. சோர்ஸ் விவரம், டயோடு மாடல் எல்லாம் அங்கே கேட்கும். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் தாண்டினாலும் எர்ரர்தான்.

எல்லா எர்ரரும் போய்விட்டது, அப்புறம்?

அவுட்புட் வயரைக் கிளிக் செய்தோம். அழகான அலை. உச்சி பத்தரை வோல்ட். "பத்தரைக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் தாராளம் மாமா" என்றான். நானும் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு சரி என்றேன். மறுநாள் பாகங்கள் வாங்கி, சால்டரிங் செய்து, கிச்சன் மேஜையில் வைத்து ஸ்விட்ச் போட்டான். எல்.இ.டி. எரிந்தது. லோடு இன்னும் மாட்டவில்லை. சந்தோஷமாக என்னைக் கூப்பிடக் கூடத்துக்கு வந்தான். பேசிக்கொண்டிருந்தபோதே கிச்சனில் பட்டென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கெப்பாசிட்டரின் தலை பிளந்து உள்ளேயிருந்த பேப்பர் வெளியே கிடக்கிறது. மீன் கழுவிய மாதிரி ஒரு நாற்றம், கொஞ்சம் புகை. பத்து நிமிடத்துக்கு முன்பு அவன் முகம் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை.

மின்சாரத்திலேயே இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறவன் நான். அக்காவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று அன்று இரவு தூங்கவில்லை.

காரணம் ஸ்கிரீனிலேயே இருந்தது. சைன் சோர்ஸின் ஆம்ப்ளிடியூட் கட்டத்தில் 12 என்று டைப் செய்திருந்தான். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12 என்பது ஆர்.எம்.எஸ். அளவு. ஸ்பைஸ் கேட்பது அலையின் உச்சி. 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் சுமார் 17 வோல்ட். அதைக் கொடுத்தால் அவுட்புட் பதினைந்தரை. வீட்டு கரண்டும் அப்படியே: 230 வோல்ட் என்றால் உச்சி 325. ஸ்பைஸைப் பொறுத்தவரை 12-ம் ஓர் எண், 17-ம் ஓர் எண். இதில் எர்ரர் காட்ட எதுவுமே இல்லை.

இதோடு போகவில்லை. பதினைந்தரைக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் நூலிழையில் தாங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். மல்டிமீட்டரை எடுத்து டிரான்ஸ்பார்மரை மட்டும் அளந்தேன். லோடு இல்லாமல் ஏ.சி. 15.1 வோல்ட்! சின்ன டிரான்ஸ்பார்மர்களின் குணம் இது. எழுதியிருக்கும் வோல்டேஜ் முழு லோடில் வருவது, சும்மா இருக்கும்போது கூடுதலாக வரும். அன்று வீட்டு சப்ளையும் 243 காட்டியது. டயோடுக்குப் பிறகு டி.சி. 20.3. 16 வோல்ட் கெப்பாசிட்டரில் 20 வோல்ட் நின்றால் உள்ளே சூடாகி, வாயு சேர்ந்து, பத்து நிமிடத்தில் வெடிக்காமல் என்ன செய்யும்?

எம் எழுத்தின் விளையாட்டு

புதிதாக வரையலாம் என்று உட்கார்ந்தோம். இந்த முறை நான் சொல்லச் சொல்ல அவன் டைப் செய்தான். பழைய ஆட்கள் கெப்பாசிட்டரை கண்டன்சர் என்போம், மைக்ரோபாரடை எம்.எஃப்.டி. என்போம். கடையில் கேட்பதும் அப்படித்தான். 'ஆயிரம் எம்.எஃப்.டி.' என்றேன். அவனும் 1000-க்குப் பக்கத்தில் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையே போட்டான். ரன். எர்ரர் இல்லை. அவுட்புட் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. "டி.சி. என்றால் இதுதான்டா" என்றேன்.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரிப்பிள் எங்க மாமா? கிளாஸ்ல ஃபார்முலா சொல்லிக் கொடுத்தாங்க. லோடு கரண்டை, நூறையும் கெப்பாசிட்டர் அளவையும் பெருக்கின விடையால வகுக்கணும். 0.1 ஆம்பியருக்கு 1 வோல்ட் வரணும்." பிறகு டயோடைக் கிளிக் செய்து கரண்டைக் காட்டினான். ஆரம்ப நொடியில் 5 ஆயிரம் ஆம்பியர்! நான் வேலை செய்யும் இடத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் ஏழு இருக்கின்றன. அப்படி ஒரு ஜெனரேட்டரில் ஓடுவதே ஆயிரக்கணக்கான ஆம்பியர்தான். எங்கள் கிச்சன் மேஜையின் 1 ஆம்பியர் டயோடில் 5 ஆயிரமா?

இங்கேதான் அந்த அட்டைக் காலம் வருகிறது. அப்போது பெரிய எழுத்து மட்டும்தான். அதனால் ஸ்பைஸுக்குப் பெரிய எம், சின்ன எம் என்ற வித்தியாசமே கிடையாது. எம் என்றால் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் வரும் புரியாத எழுத்துகளை அது கண்டுகொள்ளாது. ஆக நான் சொன்ன ஆயிரம் எம்.எஃப்.டி. ஆயிரம் மில்லி பாரட், அதாவது ஒரு முழு பாரட் ஆகிவிட்டது! மைக்ரோவுக்கு யு எழுத்து போட வேண்டும். மெகாவுக்கு எம், இ, ஜி என்று மூன்று எழுத்தும் வேண்டும். 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கு வெறும் எம் போட்டால் அது ஒரு மில்லி ஓம், கிட்டத்தட்ட வயர் துண்டு. இன்னொரு வேடிக்கை: எஃப் எழுத்து பாரட் இல்லை, பெம்டோ. ஒரு பாரட் என்று நினைத்து 1-க்குப் பக்கத்தில் எஃப் போட்டால் இல்லாத கெப்பாசிட்டர்தான் கிடைக்கும். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளியும் விடாதீர்கள்.

ஸ்பைஸ் எதையும் எரிக்காது

ஸ்கிரீனில் டயோடு கருகாது, ரெசிஸ்டர் புகையாது, கெப்பாசிட்டர் வெடிக்காது. 16 வோல்ட், கால் வாட் என்கிற எல்லை எதுவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். அதனால் இப்போது ரன் முடிந்ததும், எர்ரர் வந்தாலும் வராவிட்டாலும், கெப்பாசிட்டரின் உச்ச வோல்டேஜ், டயோடின் உச்ச கரண்ட், ரெசிஸ்டரின் வாட் ஆகிய மூன்றையும் பையன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறான். அலையின் பெயர் மேல் கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி கிளிக் செய்தால் சராசரியும் ஆர்.எம்.எஸ். அளவும் வரும். எங்கள் 150 ஓம் லோடு ரெசிஸ்டரில் 2 வாட் வந்தது. நல்லவேளை, கால் வாட் வாங்கவில்லை. 5 வாட் போட்டோம்.

டிரான்ஸ்பார்மரையும் உள்ளபடி எழுதினோம். உச்சி 21.3 வோல்ட், சோர்ஸுக்கு வரிசையில் 4.7 ஓம் ரெசிஸ்டர். அந்த 4.7, டிரான்ஸ்பார்மர் சுருளின் ரெசிஸ்டன்ஸுக்குப் பதிலாக. லோடு இல்லாதபோது, லோடு இருக்கும்போது என்று இரண்டு தடவை ஓட்டி, இரண்டில் பெரியதைப் பார்த்து கெப்பாசிட்டரை 35 வோல்ட்டாக வாங்கினோம். இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, பிளஸ் மைனஸை இரண்டு தடவை சரி பார்த்து, அரை மணி நேரம் தள்ளி நின்றோம். லோடு மாட்டிய பிறகு மீட்டரில் 17.6 வோல்ட், ஸ்கிரீனில் 17.4.

அடுத்ததாக 7812 ரெகுலேட்டர் ஐ.சி. சேர்க்கப் போகிறான். அதற்கு மாடல் பைல் தேட வேண்டும். ஐ.சி.யின் மூன்று கால்களும் படத்திலும் மாடலிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் அதற்கும் எர்ரர் வராது என்று அவனே எனக்குச் சொல்கிறான்.